மறுபடி கேட்கக் கூடாது

அன்று நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். வரிசையாக எழுதினால்தான் எனக்கு எதுவும் விளங்கும்.

1. மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மாலை நான்கு மணிக்கு, எங்கள் சபையின் வருஷாந்தரக் கூட்டம் திருநெல்வேலி கீழ ரத வீதியில் ஒரு ஜவுளிக் கடையின் மாடியில் தொடங்கியது. வந்திருந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர்.
2. அக்கிராசனம் வகித்த வக்கீல், தேர்தல் விதிகள் ஒன்பதையும் வாசித்தார். ஆட்சேபம் இல்லை.
3. தலைவர் கைதூக்கித் தேர்ந்தெடுக்கப்பட்டார். உபதலைவர் பதவிக்கு முதலில் சொல்லப்பட்டவர், கண் பார்வை மங்கிவிட்டது, தனக்கு வேண்டாம் என்றார். அவர் பெயரை அடித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.
4. காரியதரிசி பதவிக்கு இரண்டு பெயர்கள் வாசிக்கப்பட்டன. முதல் பெயர் என் அண்ணன். இரண்டாவது, தச்சநல்லூர் அரிசி வியாபாரி.
5. அண்ணன் எழுந்து கை கூப்பி, தனக்கு வேண்டாம் என்றார்.
6. வக்கீல் அண்ணன் பெயரை அடித்தார்.
7. அரிசி வியாபாரி, சரி என்றார்.
8. தட்டில் இருந்த எலுமிச்சம்பழம் அவர் கைக்குப் போயிற்று.
9. கூட்டம் ஐந்தேகால் மணிக்குக் கலைந்தது. முந்தின வருஷம் ஏழு மணி ஆகியிருந்தது.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் இன்னொன்று நடந்தது. சபையின் நடவடிக்கைக் குறிப்பை அன்று எழுதியவள் நான்தான். அதில் அதை நான் எழுதவில்லை. இங்கே அதற்குரிய இடத்தில் எழுதுவேன்.

வாசிக்கப்பட்ட அந்த ஒன்பது விதிகளைத் தமிழில் எழுதியதும் நான்தான்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் கம்பவுண்டர். பன்னிரண்டு வயதில் அப்பா என்னைக் கட்டிக்கொடுத்தார். பதினான்கு வயதில் தாலி இல்லாமல் திரும்பி வந்தபோது அப்பா இல்லை, அம்மாவும் இல்லை. என்னைவிடப் பதினைந்து வயது மூத்த அண்ணன் இருந்தார், பள்ளிக்கூட வாத்தியார். உறவுக்காரர்கள் கூடி உட்கார்ந்து இனி இவளை என்ன செய்வது என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போய்விட்டார். அவர் திரும்பி வருவதற்குள் பாதிப்பேர் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருந்தார்கள். மீதிப்பேருக்கு மதினி சோறு போட்டாள்.

சென்னையில் படித்த படிப்பு எனக்குக் கற்றுத்தந்தது முக்கியமாக ஒன்றுதான். மருந்துச் சீட்டை மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகப் பார்க்க வேண்டும். ஒரு வரி முடிந்த பிறகே அடுத்த வரி. அடித்த வரியை மறுபடி படிக்கக் கூடாது. எழுதாததைக் கலக்கக் கூடாது. இந்தப் பழக்கம் ஆஸ்பத்திரியோடு நிற்கவில்லை. வீட்டுக்கு வாங்க வேண்டிய சாமான், தோய்க்கக் கொடுத்த துணி, மதினியின் விரத நாட்கள், எல்லாவற்றுக்கும் என்னிடம் பட்டியல் உண்டு. "கம்பவுண்டரம்மா, இன்னைக்கு நான் அழலாமா கூடாதான்னும் அதுல எழுதியிருக்கா?" என்று மதினி கேட்பாள்.

சபை என்பது சென்னையில் இருந்த ஒரு பெரிய சபையின் கிளை. தேசத்தை ஆளுகிற காரியத்தில் நம்மவர்களுக்கும் இடம் வேண்டும் என்று கேட்கிற சபை. எங்கள் ஊர்க் கிளைக்கு ஆரம்ப நாள் முதல் அண்ணன்தான் காரியதரிசி. பத்திரிகை வாசிக்கும் அறையைத் திறப்பது, பேச வருகிறவர்களை ரயிலடியில் போய் அழைத்துவருவது, கலெக்டருக்கு விண்ணப்பம் எழுதுவது எல்லாம் அவர் வேலை. இரண்டாம் வருஷத்தில் பள்ளிக்கூடத்தார் அவரைக் கூப்பிட்டு, சபையா உத்தியோகமா, ஒன்றைச் சொல்லும் என்றார்கள். அங்கேயே ஒரு காகிதம் கேட்டு வாங்கி ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். பிறகு வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். அவர் வாத்தியார் என்பதை ஊர் மறந்துபோயிற்று. செக்ரட்டரி அண்ணாச்சி என்பதுதான் அவர் பெயர். காய்கறிக் கடைக்காரி கூட, "செக்ரட்டரி ஐயா, கத்திரிக்கா பிஞ்சா இருக்கு, பாத்து எடும்" என்பாள். அப்போது அவர் நடை கொஞ்சம் நிமிரும். கூடப் போகிற எனக்குச் சிரிப்பு வரும்.

"செக்ரட்டரிங்கிற பேரை உலையில போட்டா சோறாகுமா?" என்று மதினி கேட்டதுண்டு. ஆனால் பக்கத்து வீட்டில் யாராவது அவரை வாத்தியார் என்று சொன்னால், செக்ரட்டரி என்று திருத்துகிறவளும் அவள்தான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அண்ணனுக்கு இருந்தது அந்தப் பதவி ஒன்று.

அந்த வருஷம் அது அவருக்கு இன்னும் அதிகமாக வேண்டியிருந்தது. ராதாபுரம் பக்கத்தில் மழை பொய்த்துக் கிணறுகள் வற்றிப்போன ஊர்களை அவர் மாட்டுவண்டியிலும் நடந்தும் சுற்றிவந்து, எந்த ஊரில் எந்தக் கிணறு, தண்ணீருக்குப் பெண்கள் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று ஒரு பெரிய விண்ணப்பம் எழுதியிருந்தார். மூன்று கோடை அலைந்து எழுதியது. நான் மைக்கூடும் அளவுகோலுமாக உட்கார்ந்து அதில் கட்டம் போட்டுக் கொடுத்தேன். சித்திரையில் நடக்கிற ஜில்லா மகாநாட்டில் அதை வாசிக்க வேண்டும். கிளைச் சபைகளின் சார்பில் மகாநாட்டில் பேசுகிற உரிமை காரியதரிசிக்கு மட்டுமே உண்டு.

அதுவரை எங்கள் சபையில் தேர்தல் நடந்த முறையையும் சொல்ல வேண்டும். யார் எந்தப் பதவி என்பது முன்னமே நாலு பேர் பேசி முடிவாகியிருக்கும். கூட்டத்தில் ஒருவர் எழுந்து பெயரைப் பிரேரேபிப்பார், இன்னொருவர் ஆமோதிப்பார். உடனே பெயருக்குரியவர் எழுந்து, தனக்குத் தகுதி போதாது, வேண்டாம் என்பார். சபை, முடியாது என்று சொல்லும். அவர் மறுபடி வேண்டாம் என்பார். சபை மறுபடி வற்புறுத்தும். மூன்றாம் முறை யாராவது போய்த் தோளைப் பிடித்து உட்கார வைத்து, கையில் எலுமிச்சம்பழத்தைத் திணிப்பார்கள். எல்லாரும் கைதட்டுவார்கள். ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று குறிப்பு எழுதப்படும். எங்கள் பக்கத்தில் பந்தியில் இலைமேல் கையைக் குறுக்கே நீட்டிப் போதும் என்றால் இன்னும் ஒரு கரண்டி என்றுதான் பரிமாறுகிறவர் எடுத்துக்கொள்வார். இதுவும் அப்படித்தான். முதல் தடவையிலேயே சரி என்று சொல்கிறவனைப் பதவிக்கு அலைகிறவன் என்று ஊர் பேசும்.

அண்ணனைத் தோளைப் பிடித்து உட்கார வைக்கிற வேலை ஒவ்வொரு வருஷமும் மாடிக்காரருடையது. அந்த ஜவுளிக் கடைக்கும் மாடிக்கும் சொந்தக்காரர், மேலப்பாளையத்து முஸ்லிம் வியாபாரி, அண்ணனின் சிநேகிதர். "உக்காரும்வே செக்ரட்டரி, எங்களுக்கு வேற நாதியில்ல" என்று அவர் அமுக்குகிற அமுக்கில் நாற்காலி கிரீச்சிடும்.

தை மாதக் கடைசியில் சென்னையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இனிமேல் கிளைகளில் பதவிகளுக்கு முறையான தேர்தல் நடக்க வேண்டும். ஒவ்வொரு பதவிக்கும் இரண்டு பெயராவது இருக்க வேண்டும். கைதூக்கி எண்ண வேண்டும். நடத்துவதற்குச் சென்னையிலிருந்து ஒரு வக்கீல் வருவார். இப்படித் தேர்ந்தெடுக்கப்படாத காரியதரிசி மகாநாட்டில் பேச முடியாது. கூடவே இங்கிலீஷில் அச்சடித்த விதிகள், இருபது பக்கம்.

அண்ணனுக்கு அதில் சந்தோஷம்தான். "நல்ல காரியம். பிரேரேபிக்கதும் ஆமோதிக்கதும் கல்யாண வீட்டுச் சம்பிரதாயம் மாதிரி ஆயிட்டு" என்றார். அந்த இருபது பக்கத்தை என்னிடம் கொடுத்தார்.

"ஏளா, இந்தக் கட்டை உடைச்சு ஒரு பக்கத்துக்குள்ள கொண்டா. ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி இருக்கணும். வாசிச்ச ஒடனே என்ன செய்யணும்னு தெரியணும்."

இரண்டு நாள் எடுத்தது. மூன்றாம் நாள் காலை, அவர் பலகையில் உட்கார்ந்திருக்க, நான் வாசித்துக் காட்டினேன். ஐந்தாவது வரை அவர் தலையாட்டினார். பெயர் சொல்லப்பட்டவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சம்மதம் கேட்க வேண்டும் என்பது ஐந்தாவது.

"கேட்டு வேண்டாம்னு சொன்னா என்ன செய்யணும்?" என்றேன். "இங்கிலீஷில விலகிக்கிடலாம்னு மட்டுந்தான் இருக்கு. அடுத்து என்னன்னு இல்ல."

"பேரை அடிச்சிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டியதுதான்."

"மறுபடி கேக்கலாமா?"

அண்ணன் சிரித்தார். "போன வருஷம் மறுபடி மறுபடி கேட்டுத்தானே ஏழு மணி ஆச்சு. பொக்கிஷதார் பதவிக்கு அந்த மனுஷன் வேண்டாம் வேண்டாம்னு அழுதே போட்டாரு. கடைசியில பாத்தா சந்தனம் பூசிக்கிட்டு வந்திருக்காரு."

அடுப்படியிலிருந்து மதினி குரல் கொடுத்தாள். "ஏட்டி, மறுபடி கேக்கக் கூடாதுன்னே போடு. போன வருஷம் கூட்டத்துக்குச் சுட்டு வச்ச தோசையெல்லாம் விறைச்சு அப்பளமா நின்னுச்சு."

"போடு, போடு. கெட்டியாப் போடு" என்றார் அண்ணன்.

எனக்கும் அது சரியாகப் பட்டது. ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகளை வரிசைப்படி கூப்பிடும்போது, மருந்து வேண்டாம் என்று ஒருத்தி சொன்னால் சீட்டில் குறித்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுவோம். நின்று கெஞ்சினால் வரிசை நகராது. ஆகவே எழுதினேன்: "ஆறு. பெயர் சொல்லப்பட்டவர் தமக்கு வேண்டாம் என்றால் அவர் பெயரை அடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போகவும். மறுபடி கேட்கக் கூடாது." ஒரே பெயர் மிஞ்சினால் அவரே தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்பது ஏழாவது.

நாங்கள் மூன்று பேரும் சிரித்துக்கொண்டேதான் அந்த வரியைப் போட்டோம். அதில் அண்ணனும் அகப்படுவார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வேண்டாம் என்று சொல்கிற மற்றவர்களுக்குத்தான் விதி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

காரியதரிசி பதவிக்கு இரண்டாவது பெயர் தேவைப்பட்டது. அதற்குத் தச்சநல்லூர் அரிசி வியாபாரியை அண்ணனே கூப்பிட்டனுப்பினார். அவர் வந்து மோர் வாங்கிக் குடித்துவிட்டு விஷயத்தைக் கேட்டதும் பதறினார்.

"எனக்கு எதுக்கு அண்ணாச்சி இந்தச் சோலி? இங்கிலீஷில கையெழுத்துகூட எனக்கு வராதே."

"சும்மா பேருக்குத்தான் அண்ணாச்சி. ரெண்டு பேரு இருக்கணும்னு விதி. உம்மைக் கூப்பிட்டுக் கேட்டாகன்னா சரின்னு மட்டும் சொல்லும். வேற ஒண்ணும் பேசாதேயும். கை தூக்குதப்ப எல்லாரும் எனக்குத் தூக்குவாக. நீரும் எனக்கே தூக்கும்."

"எனக்கே எதிரா நான் கை தூக்கணுமாக்கும்! நல்லா இருக்குவே உங்க தேர்தல்" என்று அவர் சிரித்தார். போகும்போது வாசலில் நின்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்: "சரி. சரின்னு மட்டும் சொல்லணும்."

கூட்டத்தன்று காலையில் மதினி ஒரு நல்ல எலுமிச்சம்பழமாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தாள். மற்றப் பதவிக்காரர்களுக்குக் கடைப் பழம் போதும், இது காரியதரிசிக்கு என்றாள். அவருடைய பதவிக்கே தேர்தல் என்பதால் அன்றைக்கு அண்ணன் குறிப்பு எழுதக் கூடாது. என் கை வேகமானது என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது. பெண்கள் அப்போது சபையில் அங்கத்தினர் இல்லை. மாடியை ஒட்டிப் புத்தகங்கள் வைத்திருந்த சின்ன அறையில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். அங்கிருந்து அண்ணனின் முகம் பக்கவாட்டில் தெரிந்தது.

சென்னையிலிருந்து வந்த வக்கீல் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், நிதானமானவர். விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்று முடிந்ததும் பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு போட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. உபதலைவர் பதவிக்கு முதல் ஆள் வேண்டாம் என்றதும் பெயரை அடித்து அடுத்தவரைக் கூப்பிட்டபோது கூட்டமே கலகலத்தது. "மணி நாலரைகூட ஆகலவே! இன்னைக்குச் சூடாத் தோசை திங்கலாம்" என்று யாரோ சொன்னார்கள். அண்ணன் என் பக்கம் திரும்பிப் பார்த்து, நன்றாக எழுதியிருக்கிறாய் என்பதுபோல் தலையசைத்தார்.

அதற்கு அடுத்தது காரியதரிசி. வக்கீல் இரண்டு பெயரையும் வாசித்துவிட்டு, முதல் பெயருக்குச் சம்மதமா என்று கேட்டார்.

அண்ணன் எழுந்தார். அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தார். கை கூப்பினார்.

"சபையோருக்கு நமஸ்காரம். இத்தனை வருஷம் இந்தப் பாரத்தை என்னிடம் கொடுத்து வைத்தீர்கள். என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் இங்கே பலபேர் இருக்கிறார்கள். எனக்கு வேண்டாம். வேறு யாரையாவது போடுங்கள்."

முந்தின வருஷத்துக் குறிப்பு என் பக்கத்தில்தான் இருந்தது. ஒரு வார்த்தை மாறாமல் அதே பேச்சு. அவர் அதை யோசித்துச் சொல்லவில்லை. பெயரைக் கூப்பிட்டால் அப்படித்தான் எழுந்து நிற்பார், அப்படித்தான் சொல்வார்.

மாடிக்காரர் வழக்கம்போல் எழுந்துவிட்டார். "அது என்னவே பேச்சு, உக்காரும்" என்று இரண்டு எட்டு வைத்தார். வக்கீல் கையை உயர்த்தினார்.

"சற்றுப் பொறுங்கள். இங்கே ஆறாவது விதி இருக்கிறது. வேண்டாம் என்றால் பெயரை அடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போக வேண்டியது. மறுபடி கேட்கக் கூடாது."

மாடிக்காரர் பாதி வழியில் நின்றார். வக்கீலுக்கும் ஏதோ சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். கதவுப் பக்கம் திரும்பினார்.

"அம்மா, இதை எழுதினது நீங்கள்தான் என்று சொன்னார்கள். சரியாகத்தானே வாசிக்கிறேன்?"

முப்பத்தெட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சபையில் அங்கத்தினரே இல்லை. ஆனாலும் அந்த நிமிஷத்தில் கேள்வி கேட்கப்பட்டது என்னிடம். எழுதியிருப்பது இதுதானா என்று டாக்டரம்மா கேட்டால், எழுதியிருப்பதைச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

"ஆமா. சரியாத்தான் வாசிக்கீங்க" என்றேன்.

இதுதான் நான் குறிப்பில் எழுதாதது.

நான் சொன்னதற்கும் பென்சில் காகிதத்தில் இறங்குவதற்கும் நடுவில் நேரம் இருந்தது. வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அவ்வளவு நேரம். விதி சரி, ஆனால் எங்கள் ஊரில் முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதைக்கு என்று சொல்லியிருக்கலாம். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் கை இன்னும் கூப்பியபடியே இருந்தது. முகத்தில், தோளில் ஒரு கை வந்து விழப் போகிறது என்று எதிர்பார்க்கிறவரின் சின்னச் சிரிப்பு இருந்தது. பென்சில் கோடு போட்ட பிறகும் அந்தச் சிரிப்பு போகவில்லை. அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் அதோடேயே உட்கார்ந்தார்.

வக்கீல் இரண்டாவது பெயரைக் கூப்பிட்டார். தச்சநல்லூர்க்காரர் எழுந்து, அண்ணனைப் பார்த்தார், வக்கீலைப் பார்த்தார், மறுபடி அண்ணனைப் பார்த்தார். ஒன்று மட்டும் சொல்லும், வேறு பேசாதேயும் என்று அவருக்குச் சொல்லியிருந்தது.

"சரி" என்றார்.

கைதட்டல் முதலில் அண்ணனிடமிருந்துதான் வந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் தச்சநல்லூர்க்காரர் எங்கள் வீட்டில் நின்றார். கையில் அந்த எலுமிச்சம்பழம். அதைப் பலகைமேல் வைத்தார்.

"இது உம்முது அண்ணாச்சி. ராத்திரி முழுக்க எனக்குக் கண்ணை மூட முடியல. நான் ராஜினாமா எழுதிக்குடுத்திருதேன். ஒம்ம பேரை அவங்களே போட்டுக்கிடட்டும்."

"தேர்தல்னா தேர்தல்தான்" என்றார் அண்ணன். "விதிப்படி நடந்திருக்கு. நீரு ராஜினாமா பண்ணி நான் வந்தா, சபையில வேண்டாம்னு சொல்லிப்போட்டுப் பின்வாசல் வழியா வாங்கிக்கிட்டான்னு ஊர் பேசும்."

"ஊரு பேசட்டும். நீரு எனக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லும். எனக்கு அது வேணும்னு சொல்லும். இங்கனயே, இப்பமே எழுதிக்குடுக்கேன்."

அண்ணன் பழத்தை எடுத்துக் கையில் உருட்டினார். மதினி அடுப்படி நிலைப்படியில் வந்து நின்றாள். நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி, குடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த வார்த்தை வரும் என்று மூன்று பேரும் காத்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு சின்ன வார்த்தை. எங்கள் குடும்பத்தில் யாரும், எதற்கும், எப்போதும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் சொன்னதில்லை. படிக்க வேண்டும் என்று நான் கேட்டதில்லை. அண்ணன் கேட்காமலே சொன்னார்.

"காப்பி குடிக்கீரா அண்ணாச்சி?" என்றார் அண்ணன். பழத்தை அவர் கையிலேயே திருப்பி வைத்தார்.

தச்சநல்லூர்க்காரர் தெருவில் இறங்கியபோது நானும் கூடவே இறங்கினேன். "எனக்குப் பேசத் தெரியலம்மா. நானும் வேண்டாம்னு சொல்லியிருக்கணும். அப்படிச் சொல்லியிருந்தா அந்த வக்கீலு என்ன செஞ்சிருப்பாரு?" என்று கேட்டார். இரண்டு பெயரும் அடிபட்டால் என்ன செய்வது என்று நான் விதி எழுதவில்லை. அதையும் அவரிடம் சொல்லவில்லை.

சித்திரையில் அவர்தான் மகாநாட்டுக்குப் போனார். ராதாபுரம் விண்ணப்பத்தை அண்ணன் பெரிய எழுத்தில் பிரதி எடுத்து, எங்கெங்கே நிறுத்தி மூச்சு விடுவது என்று சிவப்பு மையால் கோடு போட்டுக் கொடுத்தார். நாலு நாள் கழித்துத் தச்சநல்லூர்க்காரர் கட்டோடு திரும்பி வந்தார்.

"ரெண்டு பக்கம்தான் அண்ணாச்சி வாசிச்சேன். மணியை அடிச்சிட்டாங்க. மீதியை வாசிச்சதா வச்சுக்கிடுதோம்னுட்டாங்க."

"பரவாயில்ல" என்றார் அண்ணன். கட்டை வாங்கி, பிரிக்காமல், பரணில் வைத்தார்.

அதன் பிறகு அவர் ரத வீதிப் பக்கம் போவதில்லை. ஆற்றுக்குக் கூடச் சுற்றுவழியில் போனார். காய்கறிக் கடைக்காரிக்கு யாரும் சொல்லவில்லைபோல. அவள் பழையபடியே செக்ரட்டரி ஐயா என்று கூப்பிட்டாள். அவர், "இப்பம் நான் இல்லம்மா, தச்சநல்லூர் அண்ணாச்சி" என்றார். அவள் புரியாமல், "அவுக யாரா இருந்தா எனக்கென்ன, நீங்க வெண்டைக்கா எடுங்க" என்றாள். அன்றையிலிருந்து காய்கறி வாங்கும் வேலை எனக்கு வந்தது.

ஆவணியில் அண்ணன் கொழும்புக்குப் புறப்பட்டார். தச்சநல்லூர்க்காரரின் சொந்தக்காரர் அங்கே அரிசி மண்டி வைத்திருந்தார். கடிதங்கள் எழுத ஓர் ஆள் வேண்டும் என்றார்களாம். மதினி தடுக்கவில்லை. இங்கே இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு அங்கே போய் எழுதட்டும் என்றாள். தூத்துக்குடிக்கு ரயிலேற்ற நான் போயிருந்தேன். வண்டி வரக் கொஞ்ச நேரம் இருந்தது.

"அண்ணே, ஆறாவதுல அந்தக் கடைசி வரி இங்கிலீஷில கிடையாது. நானா சேத்தது."

"தெரியும்ளா. நான்தானே போடச் சொன்னேன்."

"வக்கீல் கேட்டப்ப நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்."

"என்னன்னு சொல்லியிருப்ப? எங்க அண்ணனுக்கு ஆசை இருக்குன்னா?" மாசிக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் சத்தமாகச் சிரித்தார். "அதைச் சபையில கேட்டிருந்தேன்னா நான் மாடியில இருந்து கீழ குதிச்சிருப்பேன்."

வண்டி வந்ததும் ஏறி உட்கார்ந்தார். ஜன்னல் வழியாக என் தலையில் கை வைத்து, "பைய நடந்து போ, வெயிலாக் கிடக்கு" என்றார்.

ஆஸ்பத்திரியில் இப்போது நான் ஒன்றை மாற்றியிருக்கிறேன். மருந்து வேண்டாம் என்று சொல்கிற பெண்களின் பெயரை உடனே அடிப்பதில்லை. வரிசை முடிந்ததும் அவர்களைத் தேடிப் போய் இன்னொரு தடவை கேட்கிறேன். முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது: பாதிப்பேர் வாங்கிக்கொள்கிறார்கள். யாராவது இரண்டாம் தடவை கேட்பார்களா என்று மரத்தடியில் உட்கார்ந்தே இருந்திருக்கிறார்கள். எத்தனை வருஷமாக அப்படி உட்கார்ந்திருந்து வீட்டுக்குப் போனார்களோ, அதற்குக் கணக்கு என்னிடம் இல்லை.

ஆறாவது விதியின் கடைசி வரியை எடுத்துவிடும்படி மாடிக்காரரைக் கேட்டேன். அங்கத்தினர் யாராவது பிரேரேபித்தால்தான் விதியை மாற்றலாம். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தவர், மடிப்பதை நிறுத்தினார்.

"நானும் நெனைச்சேன் தாயி. அதை எடுத்தோம்னா என்ன அர்த்தம்? அன்னைக்குச் செக்ரட்டரி வேண்டாம்னு சொன்னது பொய்யின்னு சபையே எழுதிக்குடுத்த மாதிரி ஆயிரும். அவரு நிய்யத்து, உள்ளுக்குள்ள நெனைச்சது என்னன்னு எங்க மனசுக்குத் தெரியும். அதை ஊரறியச் சொன்னா அவருக்குக் கேவலம். இருந்துட்டுப் போட்டும்."

அவர் இன்னும் அண்ணனைத்தான் செக்ரட்டரி என்கிறார்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷாந்தரக் கூட்டங்கள் நடந்துவிட்டன. இரண்டிலும் தச்சநல்லூர் அண்ணாச்சியே காரியதரிசியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெயரைக் கூப்பிட்டால் இப்போது சபையில் எல்லாரும் உடனே சரி என்று சொல்கிறார்கள். கூட்டம் ஐந்து மணிக்குள் முடிந்துவிடுகிறது. விதிகள் ஒன்பதும் நான் எழுதியபடியே புத்தக அலமாரியின் கதவில் ஒட்டியிருக்கின்றன. ராதாபுரம் விண்ணப்பம் பரணில் இருக்கிறது.

அண்ணன் கொழும்பில் இருக்கிறார். மாதம் ஒரு கார்டு வருகிறது. ஊருக்கு வந்துவிடும்படி போன தையில் எழுதிக் கேட்டேன். இப்போதைக்கு வேண்டாம் என்று பதில் எழுதியிருந்தார். பங்குனியில் மறுபடி கேட்டு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.